ரோவர் திரும்பும் வரை

ஒரு விமானம்கூட இறங்காத ஓடுதளத்தில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். 'ஏர்போர்ட் சர்வே' என்று சொல்லித்தான் எனக்குப் பெண் கேட்டார்கள். நான் பைலட்டுக்கு ஒரு படி கீழே என்று என் மாமனார் நினைத்துக்கொண்டு சர்ச் சபை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கல்யாணம் முடிந்த மாதம், அவரே ஆசைப்பட்டு வேலூர்ப் பக்கத்து அப்துல்லாபுரத்துக்குப் பார்க்க வந்தார். ஓடுதளத்தின் நடுவில் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஓரத்தில் நாங்கள் கட்டிய இடுப்புயரச் சிமெண்ட் தூண். தூணின் தலையில் செங்கல் அளவுக்கு ஒரு செட். பக்கத்தில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, மடியில் நோட்டோடு ஹயாத் பாஷா.

மாமனார் வானத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ப்ளேன் எத்தினி மணிக்கு மாப்ள?"

"வராது மாமா. வராததாலதான் எங்கள இங்க உக்கார விட்டிருக்காங்க."

அதற்குப் பிறகு சபையில் யாராவது விசாரித்தால், "கவர்மெண்ட் சம்பந்தமா ஏதோ" என்று சொல்ல ஆரம்பித்தார்.

வேலை என்னவோ உண்மையான வேலைதான். இனி விமானங்கள் செயற்கைக்கோளைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும், அதைப் பார்த்தே இறங்கும் என்று பேச்சு வந்திருந்த காலம். அதற்கு ஒவ்வொரு ஓடுதளத்தின் முனையும் பூமி உருண்டையில் சரியாக எந்த இடம் என்று அளந்து கொடுக்க வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி அந்த வேலையை எடுத்திருந்தது. செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் புதுச் செட்டுகளோடு பழகிக்கொள்ள, விமானம் குறுக்கே வராத ஓர் ஓடுதளம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆடு வரலாம், பாதகமில்லை. அப்படித்தான் நாங்கள் மூன்று பேர் அங்கே போய்ச் சேர்ந்தோம். மேலதிகாரி பரந்தாமன் சார், குடியாத்தத்துத் தறி வீட்டுக்காரர், ஆயிரம் இழையில் ஒன்று தப்பினாலும் கண்டுபிடிக்கும் கண். அடுத்து மேல்விஷாரத்து ஹயாத் பாஷா. மூன்றாவதாக, கிருபானந்தம் என்கிற நான்.

எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துடையவை. ஊரில் இருக்கிற எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அவர்கள் வேண்டுமென்றே கலங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். தூண் நட்ட இடத்தில் அப்படியே நிற்கும். அதன் தலையில் இருக்கிற செட்டோ, தூண் வடக்கே இருபது மீட்டர் போய்விட்டது, இல்லை இல்லை கிழக்கே ஐம்பது மீட்டர் என்று சாராயம் குடித்தவன் மாதிரி உளறிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பொய்யிலும் ஒரு நேர்மை உண்டு. ஒரே நிமிஷத்தில், சுற்று வட்டாரத்தில் இருக்கிற எல்லாச் செட்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

அதனால் இரண்டு செட். ஒன்று, இடம் நன்றாகத் தெரிந்த தூணின் மேல் அசையாமல் உட்காரும். அதற்கு பேஸ் என்று பெயர். இன்னொன்று ஊர் சுற்றும். அது ரோவர். பேஸில் இருக்கிறவன் அந்தந்த நிமிஷத்துப் பொய்யை நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பான். ரோவர் கொண்டுவந்த அளவிலிருந்து அதே நிமிஷத்துப் பொய்யைக் கழித்தால் உண்மை மிஞ்சும். அவ்வளவுதான் வித்தை.

பரந்தாமன் சார் எங்களுக்கு இரண்டே கட்டளைகள் கொடுத்திருந்தார். மோசேக்குப் பத்து, எங்களுக்கு இரண்டு.

"நேரம் எழுதாத ரீடிங் ரீடிங்கே இல்ல. இது ஒண்ணு. ரோவர் வெளிய இருக்கிற வரைக்கும் பேஸ் எழுந்திரிக்கக் கூடாது. மழை வந்தாலும் சரி, மாமியார் வந்தாலும் சரி. இது ரெண்டு."

ரோவர் திரும்பிய பிறகு, பேஸில் இருப்பவன் நோட்டின் கடைசி வரியில் 'ரோவர் திரும்பியது' என்று எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்கப்புறம்தான் குடையை மடக்கலாம்.

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது, ஆகவே நான் ரோவர். ஹயாத் பாஷா உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், ஆகவே அவன் பேஸ். நான் போகிற இடத்திலெல்லாம் ரீடிங் எடுப்பேன். டீக்கடை, சலூன், மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டாய், எதையும் விட்டதில்லை.

"இவன் கக்கூஸ் போனாலும் ரீடிங் எடுத்துனுதான் எழுந்து வருவான் சார்" என்பான் ஹயாத்.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரோவரைப் பையில் போட்டுக்கொண்டு ஊசூர்ப் பக்கம் போயிருந்தேன். என் மனைவி இவாஞ்சலினுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது என்று ஆள் வந்தது. பையைத் தோளில் மாட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. என் கைக்கடிகாரத்தை விடக் கொஞ்சம் பெரிய முகம். இவாஞ்சலின் நர்ஸ். ஆகையால் யாரும் அவளிடம் எதையும் மறைக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை மூச்சுவிடும் விதத்தைப் பார்த்துவிட்டு, பாஸ்டரை உடனே வரச்சொல்லுங்கள் என்றாள். கரோலின் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முப்பத்தோரு மணி நேரம் இருந்தாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு அடக்கம். இவாஞ்சலின் கட்டிலை விட்டு இறங்கக்கூடாத நிலை. கல்லறைத் தோட்டத்துக்கு ஆண்கள் பத்துப் பேர் போனோம். பரந்தாமன் சார் குடியாத்தத்திலிருந்து நேராக வந்திருந்தார். மூன்று வருடமாகப் பேசாத என் சித்தப்பா வந்திருந்தார். டீக்கடைக்காரர்கூட வந்திருந்தார். ஹயாத் பாஷா வரவில்லை.

குழி வெட்டுகிற கன்னியப்பன், வேப்பமரத்தின் பக்கம் சின்னக் குழந்தைகளை வைக்கிற வரிசையில் வெட்டியிருந்தார். பெட்டியை ஒரே கையில் தூக்கலாம். நான் இரண்டு கையாலும் தூக்கினேன்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் குழாயடியில் கை கழுவப் போனார்கள். எனக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் பை இருந்தது. துக்கம் வந்தால் மனிதர்கள் அழுவார்கள், குடிப்பார்கள், சுவரில் முட்டிக்கொள்வார்கள். நான் செட்டை எடுத்து, மண்மேட்டுக்கு நேர் மேலே பிடித்துக்கொண்டு, செயற்கைக்கோள்கள் கிடைக்கும்வரை நின்றேன். சட்டைப்பையில் இருந்த ஒரே காகிதம் ஆஸ்பத்திரி கொடுத்த ரோஸ் நிறப் பார்வையாளர் சீட்டு. அதன் பின்பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் 16.42 என்று எழுதினேன். கை பழகிய பழக்கம்.

கலங்கலைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவன் நான். அன்றைக்கு அது என் தலையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவாஞ்சலின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்க வச்சீங்க?"

"எழுதி வச்சிருக்கேன்" என்று சீட்டைக் கொடுத்தேன். அவள் அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். ஹயாத் அதே தூண், அதே குடை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பிறகு கேட்டான்.

"ரீடிங் எடுத்தியா?"

என் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடக்கத்துக்கு வராதவன், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாதவன், ரீடிங் எடுத்தியா என்கிறான்.

"உன் வேலையப் பாருடா" என்றேன்.

அவனோடு நான் பேசிய கடைசி வாக்கியம் அது. இரண்டு மாதத்தில் அப்துல்லாபுரத்து வேலை முடிந்தது. அவன் கம்பெனியை விட்டுவிட்டு மேல்விஷாரத்தில் மச்சானுடைய தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கவுகாத்தி, சில்சார், பிறகு சென்னை. மண் இறங்கி ஒரு வருடம் ஆனால்தான் கல் வைக்க முடியும். அந்த ஒரு வருடம் முடிந்தபோது நான் பிரம்மபுத்திராக் கரையில் ஓர் ஓடுதளத்தை அளந்துகொண்டிருந்தேன். "மத்தவங்கெல்லாம் கல்லு வைப்பாங்க. எங்க வீட்டுக்காரரு நம்பர் வச்சிருக்காரு" என்று இவாஞ்சலின் தோழிகளிடம் சொல்வாள். அதில் கிண்டல் கொஞ்சம், பெருமை கொஞ்சம்.

இரண்டாயிரம் மே மாதம் அமெரிக்கா அந்தக் கலங்கலை நிறுத்தியது. எங்கள் ஆபீஸ் திரைகளில் அதுவரை தள்ளாடிக்கொண்டிருந்த புள்ளி சட்டென்று நின்றது. ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு தின்றேன். அதைத் தின்னும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்ததா என்று கேட்டால், உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் உறைத்திருக்கும். அந்த மூலைப் பக்கம் நான் போகவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு அக்டோபரில் இவாஞ்சலினுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் வேலை கிடைத்தது. சத்துவாச்சாரியில் வீடு பார்த்து வந்தோம். பால் காய்ச்சிய அன்றைக்கே காலண்டரைப் புரட்டினாள்.

"நவம்பர் ரெண்டு சனிக்கிழமை. கல்லறைத் திருநாளுக்கு நாம ரெண்டு பேரும் போறோம். எனக்கு அவ இடத்தைக் காட்டுறீங்க."

"காட்டறேன்" என்றேன்.

ஒரு வாரம் முன்பே, ஒத்திகை பார்க்கலாம் என்று நான் மட்டும் புதுச் செட்டோடு போனேன். வாசலில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த அம்மா, கன்னியப்பனின் மனைவி வள்ளியம்மாள் என்று தெரிந்தது. கன்னியப்பன் இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். வேப்பமரத்தைத் தேடினேன். காணவில்லை.

"அது போன புயல்ல வுழுந்துட்ச்சி சார். சின்னப்புள்ளைங்க இப்ப நாலு வரிசை. கல்லு கில்லு ஒண்ணும் கெடையாது. இன்னா அடையாளம் சொல்றீங்க?"

"நம்பர் இருக்கு" என்றேன், வெகு மிடுக்காக.

செட்டில் நம்பரைப் போட்டேன். அம்புக்குறி வடமேற்கே காட்டியது. நடந்தேன். வரிசைகளைத் தாண்டியது. பெரியவர்களின் பளிங்குக் கல்லறைகளைத் தாண்டியது. மதில் சுவர் வந்தது. அம்பு சுவருக்கு அந்தப் பக்கம் காட்டியது. சுற்றிக்கொண்டு போனால், ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஒரு கம்பெனி. வாட்ச்மேன் அசந்த நேரம் உள்ளே போய்விட்டேன். சாப்பாட்டு நேரம். டெய்லர் பெண்கள் ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, அவர்களுக்கு நடுவே ஒருவன் நடந்து போனால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"இன்னா சார், தண்ணி பாக்குறீங்களா? போர் போடப் போறாங்களா?" என்றாள் ஒருத்தி.

செட் 'வந்து சேர்ந்தாய்' என்று பீப் அடித்தது. எதிரே கை கழுவும் தொட்டி. ஒரு பெண் குழம்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்த பெண்கள் நிறுத்தினார்கள். ஒருத்தி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு திருட்டு யோசனை வந்தது. நாலு வரிசையில் ஏதோ ஒரு மேட்டைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? சத்துவாச்சாரி வருவதற்குள் அதை மூன்று முறை முடிவு செய்தேன். வாசலில் இவாஞ்சலின் முகத்தைப் பார்த்ததும் நாலாவது முறையாக முடிவு செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியையும் சொன்னேன்.

"இதப் பாத்துத்தான் ப்ளேன்லாம் இறங்குதா?" என்றாள்.

"இப்ப சரி பண்ணிட்டாங்க. அப்ப அமெரிக்காக்காரன் வேணும்னே மாத்தி மாத்திக் காட்டுவான்."

"அமெரிக்காக்காரனுக்கு எம் பொண்ணு மேல இன்னாங்க கோவம்?"

அவள் பைபிளைத் திறந்து அந்த ரோஸ் சீட்டை எடுத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நர்ஸ், சார்ட்டைப் படிப்பது போல அதைப் படித்தாள்.

"இது இன்னா, 16.42?"

"நேரம்."

"எதுக்கு நேரம்?"

"அது பழக்கம். அதே நேரத்துக்கு பேஸ்ல இன்னா காட்டிச்சுன்னு தெரிஞ்சா, எத்தினி தூரம் எந்தப் பக்கம் தப்புன்னு கண்டுபிடிச்சி கழிச்சிடலாம். ஆனா அன்னிக்கு வேலையே கெடையாது. சார் அடக்கத்துக்கு வந்துட்டாரு. பேஸ்ல யாரும் இல்ல."

"ஹயாத் அண்ணன்?"

"அவன்தான் வரலியே."

"வரலங்க, தெரியும். வராம எங்க இருந்தாரு?"

நான் அவளைப் பார்த்தேன். மூன்றரை வருடமாக அவன் வரவில்லை என்பதை நான் ஒரு மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். வராதவன் எங்கே இருந்தான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரீடிங் எடுத்தியா என்று அவன் கேட்டது அப்போது என் காதில் மறுபடி கேட்டது, இந்த முறை வேறு குரலில்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் மேல்விஷாரத்துக்குப் பஸ் ஏறினோம். தோல் வாசனைக்கு எங்கள் பக்கத்துக்காரர்களின் மூக்கு பழகிப்போயிருக்கும். பஸ்ஸில் இருந்த வெளியூர்க்காரர் கைக்குட்டையை எடுத்தபோதுதான் மேல்விஷாரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. கதவைத் திறந்தது ஹயாத்தின் மனைவி முனவ்வர் பேகம். நான் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"கிருபா அண்ணனா? வாங்க, வாங்க. அக்கா, நீங்களும் வாங்க." உள்பக்கம் திரும்பி, "ஏங்க, உங்க ரோவர் வந்துட்டாரு!" என்று கத்தினாள்.

ஹயாத் லுங்கியோடு வந்தான். தொப்பை வைத்திருந்தான். கைவிரல்களில் தோல் சாயம். இவாஞ்சலின்தான் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"அண்ணா, அன்னிக்கு சாயங்காலம் நாலு நாப்பத்திரெண்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

போலீஸ்காரி கேட்கிற கேள்வி. அவள் கேட்ட குரல்தான் அப்படி இல்லை. ஹயாத் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பழைய ரீடிங் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இதா?" என்றாள் முனவ்வர் பேகம். "எலி கடிக்காம பாத்துக்க, எலி கடிக்காம பாத்துக்கன்னு உசுர எடுப்பாரு. எவளோ எழுதின காயிதம்னு நெனச்சி ஒரு நாள் பிரிச்சிப் பாத்தேன். முழுக்க நம்பரு. இதுக்கு எவளாவது எழுதியிருந்தாக்கூட பரவால்லன்னு ஆயிடுச்சி."

வியாழக்கிழமை, மார்ச் 18. காலை பத்து மணியில் ஆரம்பித்து நிமிஷத்துக்கு ஒரு வரி. குண்டு குண்டான கையெழுத்து. எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது என்பதுகூட ஓரத்தில் இருந்தது. நடுவில் ஒரு வரிகூட விடவில்லை. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பதை அந்தப் பக்கங்களே சொல்லின.

"செவ்வாக்கிழமை போன ரோவர்" என்றான் ஹயாத், என்னைப் பார்க்காமல். "வியாழக்கிழமை காலைல சேதி வந்தது. செட்டு உன் பையிலதான் இருக்குதுன்னு தெரியும். எங்க கொண்டுபோய் வைக்கிறியோ அங்க நீ சும்மா நிக்கமாட்ட, ரீடிங் எடுப்பன்னும் தெரியும். மண்ணு போட ஊரே வரும்டா. தூணாண்ட உக்கார யாரு இருக்கா?"

"சொல்றதுக்கு இன்னாடா?"

"கேட்டேனே. எடுத்தியான்னு."

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"நீ கத்துன. சரி, கல்லு வச்சிருப்பான், இடம் தெரிஞ்சிருக்கும், நாம எதுக்குப் போயி பேஜார் பண்ணணும்னு விட்டுட்டேன். ஆனா நோட்டைத் தூக்கிப் போட மனசு வரல."

"நான் கழுதைடா" என்றேன்.

"அது அப்பவே தெரியும். அதான் உன்னை ரோவராப் போட்டாரு சார்."

முனவ்வர் பேகம் சமோசாத் தட்டை நகர்த்தி வைக்க, மேசையிலேயே கணக்குப் போட்டோம். 16.42-க்கு தூண், தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வடக்கே நாற்பத்தொரு மீட்டரும் மேற்கே அறுபது மீட்டரும் தள்ளி இருப்பதாகச் சொல்லியிருந்தது. அப்படியானால் என் சீட்டும் அதே அளவு, அதே பக்கம் பொய் சொல்லியிருக்கிறது. கழித்தேன். எனக்கு நம்பிக்கை இல்லாமல் ஹயாத் மறுபடி கழித்தான். எங்கள் இருவர் மேலும் நம்பிக்கை இல்லாமல் இவாஞ்சலின் ஒரு முறை கழித்தாள். புது நம்பர் மூன்று பேருக்கும் ஒன்றாகவே வந்தது.

கல்லறைத் திருநாள் அன்று தோட்டம் முழுக்க ஜனம். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி, ஊதுவத்திப் புகை, பிள்ளைகளின் ஓட்டம். வள்ளியம்மாள் எங்களைப் பார்த்து, "நம்பர் கெடச்சிதா சார்?" என்றாள். ஹயாத் தன் டிவிஎஸ் வண்டியோடு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்கண்ணா" என்றாள் இவாஞ்சலின்.

"நான் வரலாமா?"

"நீங்க வராமலா? பேஸே நீங்கதான."

அம்புக்குறி இந்த முறை தென்கிழக்கே, மதிலுக்கு உள்ளேயே கூட்டிப் போனது. சின்னக் குழந்தைகளின் இரண்டாவது வரிசையில் நின்று பீப் அடித்தது. பத்தடியில் ஒரு வேப்பமரத்தின் அடிக்கட்டை, புல்லுக்குள் மறைந்திருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் நான் சர்வேக்காரன், பாழாய்ப்போன நேர்மை ஒன்று இருக்கிறது. டேப்பை எடுத்து, நின்ற இடத்தைச் சுற்றி ஐந்து மீட்டரில் ஒரு வட்டம் போட்டேன். எங்கள் அளவுக்கு அதற்கு மேல் துல்லியம் கிடையாது. வட்டத்துக்குள் ஐந்து மேடுகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரு தலையணை நீளம். ஒன்றிலும் பெயர் இல்லை.

"இரு இவா, ஒரு மணி நேரம் ரீடிங் எடுத்து சராசரி போட்டேன்னா..."

"தப்பு போகாதுடா" என்றான் ஹயாத் மெதுவாக. "இன்னிக்கு எத்தினி எடுத்தாலும் அன்னிக்கு நீ எடுத்தது ஒண்ணே ஒண்ணு. அதுலயே இந்த அளவு தப்பு இருக்கும். இதுக்கு மேல கம்மி ஆகாது."

எனக்கு இவாஞ்சலினை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. மூன்றரை வருடம் காத்திருந்தவளை அழைத்துவந்து, ஐந்தில் ஒன்று என்று காட்டுகிறேன். அவள் வட்டத்துக்கு வெளியே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அஞ்சு பெட்டுதான" என்றாள். "தினம் பதினாறு பாக்குறவ நான்."

வார்டில் அவள் ரவுண்டு போவதை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். முதல் மேட்டருகே குந்தி உட்கார்ந்து, காய்ந்த சருகுகளை எடுத்துப் போட்டாள், மண்ணைத் தடவி ஓரத்தை ஒழுங்குபடுத்தினாள், ஏதோ ரகசியமாகச் சொன்னாள், அடுத்ததற்குப் போனாள். எதையும் அவசரப்படுத்தவில்லை, எதிலும் அதிகம் தங்கவும் இல்லை. மூன்றாவதில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஐந்தையும் முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஒரு மெழுகுவத்திதான் வாங்குனீங்களா?"

ஓடிப்போய் இன்னும் நான்கு வாங்கிவந்தேன். வள்ளியம்மாளும் கூடவே வந்து, காற்று அணைக்காமல் முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.

ஹயாத் வட்டத்தின் விளிம்பில் தயங்கி நின்றான்.

"தங்கச்சி, எங்கள்ல அடக்கத்துக்குப் போனா மூணு கைப்பிடி மண்ணு போடுவோம். நான் அன்னிக்குப் போடல. இப்ப..."

"போடுங்கண்ணா."

"எதுல போடறது?"

"நான் எதுல உக்காந்தேன்?"

அவன் குனிந்து மண்ணை அள்ளினான். ஒவ்வொன்றிலும் மூன்று. உதடு அசைந்தது. ஐந்து மேட்டுக்கும் பதினைந்து கைப்பிடி ஆனது. தொப்பை இருப்பதால் நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கினான். எழுந்ததும் என்னிடம், "வண்டிப் பெட்டில நோட்டு இருக்குது, எடுத்தா. என் கையெல்லாம் மண்ணு" என்றான்.

எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னான். அன்றைக்குச் சமோசா அவசரத்தில் நான் பார்க்காத வரி ஒன்று அங்கே இருந்தது: '18.35. பேட்டரி தீர்ந்தது. ரோவர் திரும்பவில்லை.' கையெழுத்து போடும் இடம் காலி.

"எழுது" என்றான்.

மெழுகுவத்தி வெளிச்சம் போதுமானதாக இருந்தது. 'ரோவர் திரும்பியது' என்று எழுதினேன். நோட்டை அவன் முன் நீட்டினேன். மண் கையோடு பேனாவை வாங்கியவன், போடாமல் நின்றான்.

"நேரம்?"

என் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிஷம் முன்னே ஓடும். இவாஞ்சலின் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, வார்டில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அஞ்சு அம்பத்திரெண்டு."

ஹயாத் கையெழுத்துப் போட்டான். அந்தப் பக்கத்தில் அவன் கட்டைவிரல் மண் இன்னும் அப்படியே இருக்கிறது.